லூகாஸ், டன்லப், கான்கார்ட்

சென்னையில் பாடியிலிருந்து ஆவடிப் பக்கம் போகிற பேருந்தில் கண்டக்டர் கூவும் நிறுத்தங்களில் இரண்டு சீமைப் பெயர்கள் உண்டு. பாடியில் ‘லூகாஸ்’. அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டினால் ‘டன்லப்’. முதலாவது, டி.வி.எஸ். குழுமம் அறுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, இன்றும் ஓடுகிறது. இரண்டாவது, 1959இல் வந்த டயர் கம்பெனி. கேட் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ரப்பர் வேகும் வாசனையை அறியாத பிள்ளைகள் இப்போது ‘ஒரு டன்லப்’ என்று டிக்கெட் வாங்கி இறங்குகிறார்கள். கம்பெனி போனாலும் நிறுத்தம் போவதில்லை என்பது இந்த ஊரின் வழக்கம்.

இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்திருந்த வேறோர் இடம் கான்கார்ட் விமானம். ஒலியைப்போல இருமடங்கு வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அந்த விமானம் தரையைத் தொட்டதும் அதைப் பிடித்து நிறுத்தியவை டன்லப்பின் கார்பன் பிரேக்குகள். லூகாஸின் விமானப் பிரிவான லூகாஸ் ஏரோஸ்பேஸும் அதற்குப் பாகங்கள் செய்து கொடுத்தது. பாடியிலோ அம்பத்தூரிலோ செய்த ஒரு திருகாணிகூட அதில் ஏறியதாக நான் சொல்லவரவில்லை. ஆனால் கான்கார்டுக்கு ஓய்வு கொடுக்கலாமா கூடாதா என்று நடந்த சண்டையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் லண்டனுக்குப் போவதில்லை, அந்தப் பேருந்து ஓடும் எம்.டி.எச். ரோட்டில்தான் போய் நிற்கிறது.

2003 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும் சேர்ந்தாற்போல் அந்த ஓய்வை அறிவித்தன. காரணங்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கிளம்பிய ஒரு கான்கார்டின் டயர், ஓடுபாதையில் கிடந்த உலோகப் பட்டை ஒன்றின்மேல் ஏறி வெடித்தது. அந்தப் பட்டை சற்று முன் கிளம்பிப்போன வேறொரு விமானத்திலிருந்து விழுந்தது. தெறித்த ரப்பர் இறக்கையின் அடியில் மோத, எரிபொருள் தொட்டி பிளந்து தீப்பற்றி, விமானம் கோனெஸ் என்ற ஊரில் ஒரு ஓட்டலின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். பிறகு தொட்டிகளுக்கு உள்ளே கெவ்லார் உறை போட்டார்கள். மிஷ்லின் புதுவகை டயர் செய்து கொடுத்தது. 2001 நவம்பரில் பயணிகளோடு அது மறுபடி கிளம்பியபோது நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேகத்துக்குக் காசு கொடுக்க ஆளில்லை. கான்கார்டைச் செய்த கம்பெனிகளின் வாரிசான ஏர்பஸ், பழைய விமானத்தைப் பராமரிக்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது, இனி எங்களால் ஆகாது என்றது.

விமானம் பறக்க விமானியும் எரிபொருளும் மட்டும் போதாது. அதை வடிவமைத்த நிறுவனம், அல்லது அதன் வாரிசு, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று நிற்கவேண்டும். விரிசல் வந்தால் ஆராய, பாகம் தேய்ந்தால் மாற்று சொல்ல, காகிதத்தில் கையெழுத்திட ஒருவர் வேண்டும். அவர் விலகிக்கொண்டால் பறக்கும் தகுதிச் சான்றிதழ் போய்விடும். ஏர்பஸ் விலகியதும் விவாதம் சட்டப்படி முடிந்துவிட்டது. ஆனால் மனிதர்கள் சட்டப்படியா பேசுகிறார்கள்? வர்ஜின் விமான நிறுவனத்தின் ரிச்சர்ட் பிரான்சன், விமானம் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தருகிறேன் என்று கிண்டலாகத் தொடங்கி, பிறகு பல லட்சம் வரை போனார். பிரிட்டிஷ் ஏர்வேஸ் மசியவில்லை. ஒன்றையாவது விழாக்களில் பறக்க வையுங்கள் என்று பொறியாளர்களும் ரசிகர்களும் கேட்டார்கள். அதுவும் நடக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 24 மாலை ஹீத்ரோவில் மூன்று கான்கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. வேலிக்கு வெளியே ஆயிரக்கணக்கில் மக்கள். பலர் அழுதார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதில் ஒருநாளும் ஏறியிருக்க மாட்டார்கள். ஏறுவதற்கு ஆயிரக்கணக்கான பவுண்டு வேண்டும்.

ஏறாதவர்கள் ஏன் அழுதார்கள் என்று கேலி செய்வது எளிது. நான் செய்யமாட்டேன். ‘எங்கள் பணத்தில் செய்தது’ என்று அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. 1962 நவம்பரில் பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தத்தில் விலகுவதற்கு வழியே வைக்கவில்லை. 1964இல் ஆட்சிக்கு வந்த வில்சனின் தொழிற்கட்சி அரசு செலவைப் பார்த்து மிரண்டு கைவிட நினைத்தபோது, பிரான்ஸ் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனால் என்னாகும் என்ற பயம் வந்தது, தொடர்ந்தார்கள். முதலில் சொன்ன மதிப்பீடு பல மடங்கு பெருகியது. அத்தனையும் வரிப்பணம். 1984இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அரசுக்கு ஏறத்தாழ 1.65 கோடி பவுண்டு கொடுத்து கான்கார்ட் கணக்கைத் தன்வசம் ஆக்கிக்கொண்டது. செய்த செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அதன்பிறகுதான் ‘கான்கார்ட் லாபம் தருகிறது’ என்ற பேச்சே வந்தது. முதல் போட்டவன் கணக்கை அழித்துவிட்டால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும். 1987இல் அந்த நிறுவனம் தனியாரிடம் போனது. ஆகவே 2003இல், மக்கள் பணத்தில் பிறந்த ஒன்றை எப்போது நிறுத்துவது என்று ஒரு தனியார் நிறுவனத்தின் இயக்குநர் குழு முடிவு செய்தது. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு அதில் குரல் இல்லை. தொடங்கும்போதும் அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

நிறுத்தியது சரிதான் என்பது என் கட்சி. நூறு பேரை நியூயார்க் கொண்டுபோய்ச் சேர்க்க, ஆளுக்கு ஏறக்குறைய முக்கால் டன் எரிபொருளை எரிக்கும் வண்டி அது. ஆனால் 2003இல் நடந்ததை நான் பெரிய முடிவாக எண்ணவில்லை. அப்போது மிஞ்சியிருந்தது கையெழுத்து மட்டும். அந்த விமானத்தின் ஆயுளைத் தீர்மானித்தவர்கள் அதற்கு முப்பது ஆண்டு முன்பே, அதன் பாதைக்குக் கீழே, தரையில் இருந்தவர்கள்.

ஒலியை மிஞ்சும் விமானம் ‘ஒலித்தடையை உடைக்கும்’ அந்த ஒரு நொடியில் மட்டும் முழங்கும் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படியில்லை. வேகமாகப் போகும் விசைப்படகின் பின்னால் அலை விரிந்து, படகு போகப்போகக் கரை நெடுகிலும் மோதிக்கொண்டே வருமல்லவா, அதுபோல வானில் அழுத்த அலை ஒன்று விமானத்தின் பின்னால் கூம்பாக விரிந்து தரையைப் பெருக்கிக்கொண்டே வரும். விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கும் தூரம் முழுக்க, கீழே ஒவ்வோர் ஊரிலும் ஒரு தடவை அந்த இடி இறங்கும். விமானத்துக்கு உள்ளே இருப்பவருக்கு எதுவும் கேட்காது. கான்கார்ட் பறந்த உயரம் பதினெட்டு கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து விரியும் முழக்கம் தரையில் கிட்டத்தட்ட 90, 100 கிலோமீட்டர் அகலத்துக்குப் படரும். நம் கணக்கில் சொன்னால், ஆவடிக்கு நேர்மேலே ஒன்று கடலை நோக்கிப் போனால் பழவேற்காட்டிலும் சத்தம் கேட்கும், மாமல்லபுரத்துப் பக்கமும் கேட்கும். மேலே நூறு பேர் பழச்சாறு குடித்துக்கொண்டிருப்பார்கள். கீழே லட்சக்கணக்கான வீடுகளில் தூளியில் கிடக்கும் குழந்தை திடுக்கிட்டு எழும்.

அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1964இல் ஓக்லஹோமா நகரத்தின்மேல் ஆறு மாதம், நாள்தோறும், ராணுவ விமானங்களை வைத்து 1,253 முழக்கங்களை இறக்கிவிட்டு ஊராரிடம் கருத்துக் கேட்டார்கள். ஜன்னல் உடைந்தது, சுவர் கீறியது என்று புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கால்வாசிப் பேருக்கு மேல், இதோடு வாழ முடியாது என்றார்கள். முக்கால்வாசிப் பேர் பொறுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார்கள் என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்தக் கால்வாசி வாய்மூடி இருக்கவில்லை. 1971இல் அமெரிக்க செனட், போயிங் கட்டிக்கொண்டிருந்த மீயொலிப் பயணி விமானத்துக்குப் பணத்தை நிறுத்தியது. 1973இல் நிலத்தின்மேல் ஒலியை மிஞ்சிப் பறக்கப் பயணி விமானங்களுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பான் அமெரிக்கன் விமான நிறுவனம் கான்கார்டு வேண்டாம் என்று ஒதுங்கியது. மற்றவர்கள் வரிசையாக நழுவினார்கள்.

அந்த வரிசையில் ஏர் இந்தியாவும் உண்டு. 1965இல் இரண்டு கான்கார்டுகளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. 1975 பிப்ரவரியில் கைவிட்டது. பம்பாய் விமான நிலையத்தில் கூன் மூக்கோடு அது நிற்பதையும், பக்கத்தில் அரிசி ரேஷன் வரிசை நிற்பதையும் ஒரே படத்தில் எடுக்க ஏதோ ஒரு வெளிநாட்டுப் புகைப்படக்காரர் காத்திருந்திருப்பார்; தப்பித்தோம். வாங்காதது மட்டுமில்லை. தன் நிலத்தின்மேல் அது ஒலியை மிஞ்சிப் பறக்கவும் இந்தியா இடம் தரவில்லை. லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாக சிங்கப்பூர் போகும் கான்கார்ட் நம் தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டிப் போக முடியாமல் கடலோடு சுற்றிப் போனது. 1977 டிசம்பரில் அந்தச் சேவை தொடங்கி மூன்று தடவை போய்வந்ததும் மலேசியா மலாக்கா நீரிணையின்மேல் பறக்கக்கூடாது என்றது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி 1980 நவம்பரோடு நின்றது. ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறமும் மறுபக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறமும் பூசிய ஒரு விமானம் அந்தப் பாதையில் பறந்தது. மலேசியாவின் மறுப்புக்குப் பின்னால் சத்தம் மட்டுமில்லை, தன் விமானங்களுக்கு லண்டனில் உரிமை கேட்கும் பேரமும் இருந்தது என்பார்கள். இருக்கட்டும். பேரம் பேசக் கையில் ஏதாவது இருந்தது என்பதே புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற நாடுகளுக்குப் புதுசுதான்.

நியூயார்க்கிலும் லேசில் விடவில்லை. கென்னடி விமான நிலையத்தை ஒட்டிய ஹோவர்ட் பீச் பகுதிக்காரர்கள் கார்களை வரிசைகட்டி ஆமை வேகத்தில் ஓட்டி விமான நிலையச் சாலையை முடக்கினார்கள். இது முழக்கத்தைப் பற்றிய சண்டையில்லை. கிளம்பும்போது நான்கு ஒலிம்பஸ் எஞ்சின்களும் எழுப்பும் இரைச்சலைப் பற்றியது. அவர்கள் தோற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977 நவம்பரில் கான்கார்ட் பயணிகளோடு அங்கே இறங்கியது. ஆனால் உலகத்தில் அது நிரந்தரமாகக் கால் ஊன்ற முடிந்ததே கடல் தாண்டிய அந்த ஒரு பாதையில்தான். கட்டியது 20, பயணிகளை ஏற்றியது 14. சோவியத்தின் டி.யு.-144 கதை இன்னும் சுருக்கம்: 1977 நவம்பரில் பயணிகளை ஏற்றத் தொடங்கி, 55 பயணங்களோடு அடுத்த ஜூனில் நிறுத்திக்கொண்டது.

இங்கே ஆவடிக்கு வருகிறேன். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியது. தேபர் தலைவர், காமராஜர் முதலமைச்சர், நேரு பேச்சாளர். சோசலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பள்ளிப் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக அதைப் படித்துவிட்டுக் கடந்துவிட்டோம். ஆனால் எம்.டி.எச். ரோட்டின் இருபுறமும் எழுந்தவற்றில் பல அந்தத் தீர்மானத்தின் காலத்துக் கட்டடங்கள். 1961இல் ஆவடியில் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, ஊர்க்காரர்கள் வாயில் ‘டேங்க் பேக்டரி’. அறுபதுகளில் அரசு உருவாக்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. நடுவே டன்லப், டி.ஐ. சைக்கிள், லூகாஸ் என்று சீமைத் தொடர்புள்ள தனியார் கம்பெனிகள். பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கி நாற்பது ஆண்டுக்குப் பக்கம் படையில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றது. அதற்காக யாரும் வேலியோரம் நின்று அழுததாகத் தெரியவில்லை. டாங்கி ஓய்வுபெறுவதைவிட, அதைச் செய்த ஃபிட்டர் ஓய்வுபெறுவதுதான் ஆவடியில் பெரிய நிகழ்ச்சி: மாலை, திறந்த ஜீப்பு, வாத்தியம், வீட்டு வாசலில் பந்தல், ‘பணி நிறைவு பாராட்டு விழா’ என்று பேனர், அதில் மீசையோடு பழைய படம்.

மக்கள் பணத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை யார் முடிவு செய்வது? ஆவடித் தீர்மானம் அந்தக் கேள்விக்கு ‘அரசு’ என்று ஒரே சொல்லில் பதில் வைத்திருந்தது. அதே பதிலை பிரிட்டிஷ் தொழிற்கட்சியும் வைத்திருந்தது. அங்கே அந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்தவர்கள் யாரென்றால், நம் பாடி நிறுத்தத்தின் பெயரைத் தாங்கிய கம்பெனியின் தொழிலாளர்கள்.

லூகாஸ் ஏரோஸ்பேஸுக்குப் பிரிட்டன் முழுக்கப் பதினேழு ஆலைகள் இருந்தன. வேலையில் பாதி ராணுவ விமானங்களுக்கானது. எழுபதுகளில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லா ஆலைகளின் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் ஒரே குழுவாகக் கூடினார்கள். 1974 நவம்பரில் தொழில்துறை அமைச்சர் டோனி பென்னைப் பார்த்தார்கள். பென் வேடிக்கையான மனிதர். பிரிஸ்டல் தொகுதிக்காரர், கான்கார்டைக் கட்டியவர்கள் அவருடைய வாக்காளர்கள். அதனால் அமைச்சரவையில் அதைக் கட்டிக் காத்தவர்களில் முக்கியமானவர். அதே பென், ‘உங்கள் கம்பெனி என்ன செய்யலாம் என்று நீங்களே ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று இவர்களிடம் சொன்னார். அமைச்சர்கள் இப்படிச் சொல்லி அனுப்புவது வழக்கம். போனவர்கள் திரும்பி வருவதில்லை. இவர்கள் திரும்பி வந்தார்கள்.

முதலில் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதினார்கள்: எங்களிடம் இன்னின்ன இயந்திரங்கள், இன்னின்ன கைத்திறன் இருக்கின்றன, ஊருக்கு உதவும்படி இவற்றை வைத்து என்ன செய்யலாம்? பதில் போட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பிறகு அந்தக் கேள்வியைத் தங்கள் ஆலைகளுக்குள்ளேயே விட்டார்கள். லேத்தில் நிற்பவரும் வரைபட மேசையில் இருப்பவரும் எழுதி அனுப்பினார்கள். 1976 ஜனவரியில் ஏறத்தாழ 150 பொருள்களோடு திட்டம் வெளிவந்தது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம், வெப்பப் பம்பு, காற்றாலை, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் எஞ்சின், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பேருந்து, நடக்க முடியாத குழந்தைகளுக்கான சிறுவண்டி. இன்றைக்கு நாம் புதுசு என்று விளம்பரத்தில் பார்ப்பவற்றில் சில, அரை நூற்றாண்டுக்கு முன் ஷிப்ட் முடிந்து கைகழுவிய ஆட்கள் எழுதியவை. அதே ஜனவரி 21 அன்றுதான் கான்கார்ட் பயணிகளோடு முதன்முதலாகக் கிளம்பியது: லண்டனிலிருந்து பஹ்ரைனுக்கு ஒன்று, பாரிஸிலிருந்து டக்கார் வழியாக ரியோவுக்கு ஒன்று. பத்திரிகைகளின் முதல் பக்கம் எதற்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குழுவின் முன்னணியில் இருந்த மைக் கூலி அயர்லாந்துக்காரர், வடிவமைப்புப் பொறியாளர். கான்கார்டைச் செய்யத் தெரிந்த ஒரு சமூகத்துக்குக் குளிரில் விறைத்துச் சாகும் கிழவர் கிழவிகளின் வீட்டைச் சூடாக்க ஓர் எளிய கருவி செய்யத் துப்பில்லையே என்பது அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி. அதைக் கேட்டவர் கான்கார்டின் வெளியே நின்று முகம் சுளித்த சாமியார் இல்லை. விமானத் தொழிலில் சோறு தின்றவர், அதன் கணக்கின் அழகு தெரிந்தவர். இதனால்தான் எனக்கு அவருடைய வார்த்தை, சத்தத்தை எதிர்த்தவர்களின் வார்த்தையைவிடக் கனமாகப் படுகிறது. நிர்வாகம் திட்டத்தை ஏற்கவில்லை. எதைத் தயாரிப்பது என்பது தொழிலாளி பேசும் விஷயமே இல்லை என்றது. பென் அதற்குள் வேறு இலாகாவுக்கு மாற்றப்பட்டிருந்தார். தேசிய அளவிலான சங்கத் தலைமைகளும் ஒதுங்கிக்கொண்டன. ஆலைக்காரர்கள் தாங்களாகப் பேசியது அவர்களுக்கும் பிடிக்கவில்லை. 1981இல் கூலியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டு ஸ்வீடனில் அவருக்கு ‘மாற்று நோபல்’ என்று அழைக்கப்படும் விருது கொடுத்தார்கள்.

அம்பத்தூரில் கேட் மீட்டிங்குகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. போனஸ், பஞ்சப்படி, நிரந்தரம், கேன்டீன் சாப்பாடு, கடைசியில் செட்டில்மென்ட். இவை சிறிய விஷயங்கள் இல்லை. குடும்பம் நடந்தது இவற்றால்தான். ஆனால் ‘நாம் என்ன செய்யலாம்’ என்று ஒரு சங்கம் தன் பட்டறைக்குள் தாள் சுற்றுக்கு விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் வராமல் போயிருக்காது. எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகளில் எதைக் காட்டினாலும் ‘பண்ணிடலாம் சார், ரெண்டு நாள் குடுங்க’ என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டன்லப் விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போனது. முதலாளிகள் மாறினார்கள், கதவடைப்பும் திறப்பும் மாறி மாறி நடந்தன, 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனத்தையே கலைக்க உத்தரவிட்டது. அந்தத் தொழிலாளர்களில் எத்தனையோ பேருக்கு பணி நிறைவு விழா என்ற ஒன்றே வாய்க்கவில்லை. ஜீப்பு இல்லை, வாத்தியம் இல்லை. கடைசி ஷிப்ட் கடைசி என்று தெரியாமலே வீட்டுக்குப் போனார்கள்.

டேங்க் பேக்டரியில் வேறு மாதிரி. 2021 அக்டோபர் 1 அன்று அதை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது, அவற்றில் ஏ.வி.என்.எல். என்ற புதுக் கம்பெனிக்கு ஆவடி தலைமையிடம் ஆனது. சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தம் என்றன. அதற்கு முன்பே பாதுகாப்புத் தயாரிப்பில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அவசரச் சட்டமும், பின்னால் அதைச் சட்டமாக்கிய மசோதாவும் வந்துவிட்டன. அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கணக்கு வழக்கு வெளிப்படையாக வரும் என்று வாதாடுபவர்களை எனக்குத் தெரியும், நேர்மையானவர்கள்தான். ஆனால் ஒரு பொதுச் சொத்தின் உருவம் மாறும்போது அதில் முப்பது வருஷம் கை வைத்தவனின் கருத்து என்ன என்று கேட்பதற்கு ஒரு நடைமுறைகூட நம்மிடம் இல்லை. சோசலிச பாணி என்று தீர்மானம் போட்ட ஊரிலேயே இல்லை.

கான்கார்டுகள் இப்போது காட்சிக்கு நிற்கின்றன. நியூயார்க்கில் ஒன்று, சியாட்டிலில் ஒன்று. 2003 நவம்பர் 26 அன்று கடைசியாகப் பறந்தது தான் பிறந்த பிரிஸ்டல் ஃபில்டனுக்கே போய்ச் சேர்ந்தது. உதிரிப் பாகங்களை ஏலம் விட்டார்கள். ஒரு மூக்குக் கூம்பு மட்டும் மூன்று லட்சம் பவுண்டைத் தாண்டியது. பழைய தட்டு, கரண்டிக்குக்கூடப் போட்டியிருந்தது. மூடிய டயர் கம்பெனியின் இயந்திரங்களுக்கும் ஏலம் உண்டு. அதில் கலந்துகொள்பவர்கள் எடைபோட்டு வாங்குபவர்கள்.

இப்போது மறுபடி பேச்சு கிளம்பியிருக்கிறது. 2025 ஜனவரி 28 அன்று பூம் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சோதனை விமானம் ஒலியை மிஞ்சியது. அவர்கள் கட்டப்போகும் விமானத்தில் 60 முதல் 80 பேர் ஏறலாமாம். ஜூனில் அமெரிக்க அதிபர், 1973இன் தடையை நீக்கச் சொல்லி ஆணையிட்டார். அக்டோபரில் நாசாவின் எக்ஸ்-59 முதல்முறை பறந்தது. அலகுபோல் நீண்ட மூக்கு. முழக்கத்தை மழுங்கடித்து, கார்க் கதவு சாத்துவதுபோன்ற சத்தமாகக் குறைப்பது அதன் வேலை என்கிறார்கள். அதை அமெரிக்க ஊர்கள் சிலவற்றின்மேல் பறக்கவிட்டு, கீழே இருப்பவர்களிடம் எப்படிக் கேட்டது, எவ்வளவு தொந்தரவு என்று கருத்துக் கணிப்பு நடத்தப் போகிறார்கள். ஓக்லஹோமாவின் பாடம் அறுபது வருஷம் கழித்து உறைத்திருக்கிறது. ஆனால் கேள்வி சத்தத்தைப் பற்றியது மட்டும்தான். சத்தம் குறைந்துவிட்டால், அந்த எண்பது பேருக்காக எரியும் எரிபொருளைப் பற்றியோ, அதே கைகள் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதைப் பற்றியோ யாரும் யாரிடமும் கேட்கப் போவதில்லை. மைக் கூலி கேட்டது இந்த இரண்டாவது கேள்வியை.

யாரும் கேட்காதவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் போனால் பரந்தூர் வருகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கேதான் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்ததிலிருந்து அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஏரியும் வயலும் வீடும் போகும் என்பது அவர்கள் பக்கம். மீனம்பாக்கம் நிரம்பி வழிகிறது, தொழில் வளர இடம் வேண்டும் என்பது அரசின் பக்கம். இரண்டாவதை நான் வெறும் சாக்கு என்று தள்ளமாட்டேன். எஸ்டேட்டில் வேலை தேடும் பையன்களின் அப்பாக்களோடு பழகியவன் அப்படித் தள்ள முடியாது. ஆனால் ஏகனாபுரத்தார் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘எவ்வளவு தொந்தரவு’ என்ற கேள்வித்தாள் அவர்களுக்கு வரவில்லை. வருவதற்கு முன்பே பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.